இரண்டாம் மூச்சு

பிரான்சு நாட்டின் தென்மேற்கே உள்ள சிற்றூர் ஒன்றில் 1910 ஆம் ஆண்டு ஜூன் 11 ஆம் நாள் பிறந்தவர் ழாக் ஈவ் குஸ்தோ. வானூர்தி ஓட்டியாகும் விருப்பத்துடன் அவர் கடற்படையில் சேர்ந்தார். 1936 இல் நேர்ந்த மகிழுந்து விபத்தில் கைகள் முறிந்தன, அவ்விருப்பமும் முறிந்தது. முறிந்த கைகளுக்கு நீச்சலால் வலுவேற்றி வந்தவரிடம் சக கடற்படை அலுவலரான பிலிப் தாயே ஒரு நீர்க்கண்ணாடியைக் கொடுத்தார். அதை அணிந்து தூலோன் துறைமுகத்தை அடுத்த கடலில் தலையை அமிழ்த்திய குஸ்தோ, அதன்பின் கடலை விட்டு விலகவே இல்லை.

கண்ணுக்குக் கண்ணாடி கிடைத்தது. மூச்சுக்கு வழி கிடைக்கவில்லை. மேலிருந்து குழாய் வழியே காற்று அனுப்பும் கருவியை அணிந்து பார்த்தார். ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்தில் குழாய் அறுந்தது. நுரையீரலில் எஞ்சிய காற்றை அடக்கிக்கொண்டு மேலேறித் தப்பினார். சில நாள்களில் அதே குழாய், இன்னும் ஆழத்தில் இருந்த நண்பர் ஃபிரெடெரிக் தூமாவின் தலைக்கு மேலும் அறுந்தது. தூய ஆக்சிசனைச் சுவாசிக்கும் கருவியை முயன்றபோது, வலிப்பு வந்து நினைவிழந்தார். கருவியைத் திருத்தி மறுமுறை இறங்கியும் அதுவே நேர்ந்தது. ஆழத்தின் அழுத்தத்தில் தூய ஆக்சிசனே நஞ்சாகும்.

ஏன் இத்தனை இடர்? கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. சூழ்ந்துள்ள நீரின் அழுத்தத்திற்கு ஈடான அழுத்தத்தில் காற்று வந்தால்தான் மார்பு விரியும். உருளையில் அடைத்த காற்றையோ அந்த அளவுக்குக் குறைத்து, மூச்சிழுக்கும் நொடியில் மட்டும் தரவேண்டும். லெ பிரியூர் என்பவர் முன்பே அமைத்த கருவியில் திருகைக் கையால் திறந்து மூடவேண்டியிருந்தது, காற்று வீணாயிற்று.

இரண்டாம் உலகப்போர்க் காலம் அது. பெட்ரோல் கிடைக்காமையால் பிரான்சில் மகிழுந்துகளை எரிவளியால் ஓட்டினர். அதற்கென ஒரு சீராக்கியை உருவாக்கியிருந்தார் எமில் கன்யான் என்னும் பொறியாளர். 1942 டிசம்பரில் பாரிசில் குஸ்தோ அவரைச் சந்தித்தார். அடுப்பு எரிவளி உருளையின் தலையில் நாம் பொருத்தும் ரெகுலேட்டருக்கு உறவான அக்கருவியே கடலடி மூச்சுக்கு விடையாயிற்று. அதன் உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, மூச்சிழுத்தால் சவ்வு வளைந்து அடைப்பைத் திறக்கும், நிறுத்தினால் மூடும்.

மார்ன் ஆற்றில் முதற்சோதனை நடந்தது. கிடைநிலையில் நீந்தியபோது காற்று சீராக வந்தது. நிமிர்ந்து நின்றால் பீறிட்டது. தலைகீழாகத் திரும்பினால் இழுக்கவே கடினமாயிற்று. வெளிமூச்சு செல்லும் துளையும் சவ்வும் வெவ்வேறு மட்டத்தில் இருந்ததே காரணம் எனக் கண்டு, இரண்டையும் அருகருகே வைத்தனர். கோளாறு தீர்ந்தது. 1943 ஜூனில் பந்தோல் கரையோரம் குஸ்தோ குழாயின்றி, கயிறின்றி, தலைகீழாகவும் புரண்டும் நீந்தினார்.

எனினும், அவருடைய வாழ்வின் பெரும் பாடம் கடலில் அன்று, ஒரு குகையில் கிடைத்தது. 1946 ஆகஸ்டு 27 அன்று வோக்லூஸ் நீரூற்றின் ஆழத்தை அறிய அவரும் தூமாவும் இறங்கினர். வாயிலில் கயிற்றைப் பிடித்து நின்றவர் மொரிஸ் ஃபார்க். உள்ளே இருவருக்கும் அறிவு மயங்கியது. தூமாவின் வாயிலிருந்து வாய்க்குழல் நழுவியது. கயிற்றைப் பற்றி ஏற முயன்ற குஸ்தோவின் அசைவை, மேலும் கயிறு வேண்டும் என்ற குறிப்பாகக் கொண்டு ஃபார்க் தளர்த்திக்கொண்டே இருந்தார். பிறகு ஐயுற்று இழுத்தார், இருவரும் பிழைத்தனர். ஆய்ந்தபோது சீராக்கியில் பழுதில்லை. உருளைகளை நிரப்பிய புதிய கம்ப்ரசர் தன் புகையையே உறிஞ்சிக் காற்றோடு கலந்திருந்தது, கார்பன் மோனாக்சைடு! இருவரிடமும் தனித்தனிக் கருவிகள் இருந்தன. ஆனால் காற்றின் ஊற்று ஒன்றே. ஆகவே ஒருவர் கருவி மற்றவருக்குக் காப்பாகவில்லை.

அவர்களை மீட்ட ஃபார்க், மறு ஆண்டு செப்டம்பரில் ஆழச் சோதனையில் ஏறத்தாழ 120 மீட்டர் வரை சென்று உயிரிழந்தார். நைட்ரசன் தந்த மயக்கத்தில் வாய்க்குழல் நழுவியிருந்தது. கருவி வேலை செய்தும் மனிதர் இறந்தார் என்பது குஸ்தோ குழுவை உலுக்கியது.

அக்காலக் கருவியில் ஒருவருக்கு ஒரு வாய்க்குழல்தான். ஒருவருக்குக் காற்று தீர்ந்தால் இருவர் ஒரே வாய்க்குழலை மாறி மாறிச் சுவைக்கவேண்டும். பதற்றத்தில் அது எளிதன்று. பிறகு உருளையில் சிறிது காற்றைத் தனியே தேக்கி, நெம்பியை இழுத்தால் விடுவிக்கும் அமைப்பு பரவியது. நெம்பி தானே கீழிறங்கியிருந்தால் தேக்கமும் தெரியாமல் தீர்ந்துவிடும். சீராக்கியே பழுதானால் தேக்கத்தால் பயனில்லை. எனவே பிற்காலத்தார் அதே சீராக்கியில் இரண்டாம் வாய்க்கருவியை இணைத்தனர். பல குழாய்கள் தொங்குவதால் அதற்கு ஆக்டோபஸ் என்று பெயர்.

அதைத் தேர்வதிலும் நுட்பம் உண்டு. 30 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சுக்கும் நீர்மட்டத்தைப்போல் நான்கு மடங்கு காற்று செலவாகும்; அங்கே இருவர் ஒருசேர இழுத்தாலும் முதல்நிலைச் சீராக்கி ஈடுகொடுக்கவேண்டும். மாற்றுக்கருவியைச் சற்று இறுக்கமாக அமைப்பர்; தளர்வாக இருந்தால் பயன்படாமலே காற்றைக் கொட்டும். மஞ்சள் நிறமும் நீண்ட குழாயும் தவிக்கும் துணைவரின் கைக்கு எட்டுவதற்காக. மார்பருகே பொருத்துவர், மணலில் இழுபடவிட்டால் வேண்டிய நேரத்தில் வாய்க்குள் மண்ணே வரும். குகையில் இறங்குவோர் இதையும் போதாதென்று, ஒரே சீராக்கியை நம்பாமல் இரண்டு தனிச் சீராக்கிகளைக் கொண்டு செல்கின்றனர். மலிவான கருவி மாற்றுக்குப் போதும் என்பார் உண்டு. முதற்கருவி பழுதான பின் வாயில் இருப்பது அது ஒன்றே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

1950 இல் கலிப்சோ என்னும் கப்பல் குஸ்தோவின் கைக்கு வந்தது. அதில் எடுத்த மௌன உலகம் என்னும் திரைப்படம் 1956 இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்றது. அப்படத்தில் மீன்களை எண்ண வெடிவைத்ததும் சுறாக்களைக் கொன்றதும் இன்று கண்டிக்கப்படுகின்றன, கண்டிக்கத் தக்கவையே. பின்னாளில் கடலைக் காக்கப் பேசியவரும் அவரே. 1997 ஜூன் 25 அன்று பாரிசில் காலமான அவருடைய உடல், பிறந்த ஊரில் அடக்கம் செய்யப்பட்டது.