சைக்கிளுக்காகக் காரைத் திருப்பியவர்

புகாட்டி காரைப் படத்துல பார்த்திருப்பீங்க. அந்தக் கம்பெனியைத் தொடங்கிய எத்தோரே புகாட்டியின் மூத்த மகன் ழான் புகாட்டி. 1909-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தார். கார்களுக்கு உருவம் வரைவதில் கில்லாடி!

1939 ஜூனில் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்துக்கு இவர்கள் அனுப்பியது ஒரே ஒரு கார், 'டாங்க்'. அதுதான் முதலில் வந்தது. ஆகஸ்ட் 11 இரவு, அதே காரை மோல்சைம் ஊர்ப் பக்கம் ழானே ஓட்டிப் பார்த்தார். திடீர்னு எதிரே ஒரு சைக்கிள். மோதாமல் இருக்கத் திருப்பினார், கார் மரத்தில் மோதியது. இறந்தபோது வயது 30தான்.

நானும் சைக்கிள்லதான் ஸ்கூலுக்கு வர்றேன். இதைப் படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு.

2005-ல் வந்த புகாட்டி 'வேரோன்' காருக்கு, லெ மானில் அந்த டாங்கை ஓட்டி ஜெயித்த இருவரில் ஒருவரான பியர் வேரோன் பெயரைத்தான் வைத்தார்கள்.