மழையை வரைந்த ஓவியர்

மழைக்கு நிலையான வடிவம் இல்லை, நிறமும் இல்லை. அதனை ஓவியத்தில் காட்டுவது எங்ஙனம்? நம் நாட்டுப் பஹாரி ஓவியர்கள் கருமுகிலையும் மின்னலையும் வானில் பறக்கும் கொக்கு வரிசையையும் தீட்டி மழைக்காலத்தை உணர்த்தினர். ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகே, மழைத்தாரைகளை மெல்லிய கோடுகளாக வரைந்து உலகப்புகழ் பெற்றார்.

ஹிரோஷிகே 1797ஆம் ஆண்டு எடோ நகரில் பிறந்தார். இன்றைய டோக்கியோவே அக்காலத்தில் எடோ எனப்பட்டது. அவருடைய தந்தையார் எடோ கோட்டையின் தீயணைப்புக் காவலர். 1809ஆம் ஆண்டில் ஹிரோஷிகே தாயையும் தந்தையையும் இழந்தார். பன்னிரண்டு வயதிலேயே தந்தையின் பணி அவரிடம் வந்து சேர்ந்தது. ஆயினும் அவர் மனம் ஓவியத்தையே நாடியது. காவற்பணியை விடாமலே தொயோஹிரோ என்னும் ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். பல ஆண்டுகளுக்குப் பின்னரே அப்பணியைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு, முழுநேர ஓவியரானார்.

எடோவையும் கியோட்டோவையும் இணைத்த தொக்கைதோ நெடுஞ்சாலையில் வழிப்போக்கர் தங்கும் ஊர்கள் 53 இருந்தன. சாலையின் இரு முனைகளையும் சேர்த்து ஹிரோஷிகே 55 ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் ஷோனோ என்னும் ஊரைக் காட்டும் ஓவியத்தில் திடீரென மழை பெய்கின்றது. காற்றில் மூங்கில்கள் வளைகின்றன. பல்லக்குத் தூக்குவோர் மேட்டில் விரைந்து ஏறுகின்றனர். குடைபிடித்த ஒருவர் சரிவில் இறங்கி ஓடுகின்றார்.

இவை மரப்பலகை கொண்டு அச்சிடப்பட்டவை. ஓவியர் வரைந்ததைச் செதுக்குநர் செர்ரி மரப்பலகையில் செதுக்குவார். அச்சிடுவோர் வண்ணம் தடவித் தாளில் பதிப்பார். மழைக்கோடு ஒவ்வொன்றையும் மேடாக விட்டு, சுற்றியுள்ள மரத்தை மட்டும் நீக்க வேண்டும். கத்தி சிறிது தவறினும் கோடு முறிந்துவிடும். ஆகவே, அம்மழை ஒருவரின் திறமை மட்டுமன்று. பலர் கைகளின் உழைப்பு.

1857ஆம் ஆண்டில், எடோவின் பெரும் பாலம் ஒன்றின்மீது பெய்யும் மழையை அவர் வரைந்தார். குடைகளின்கீழ் ஒடுங்கி மக்கள் பாலத்தைக் கடக்கின்றனர். ஆற்றில் ஒருவர் தனியே தெப்பம் செலுத்துகின்றார். மறு ஆண்டு, எடோவில் காலரா பரவிய காலத்தில் ஹிரோஷிகே மறைந்தார்.

1887ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் வாழ்ந்த வான்கோ, அப்பால ஓவியத்தைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். கடல் கடந்து சென்றறியாத ஓவியரின் மழை, இவ்வாறு ஐரோப்பாவிலும் பெய்தது.

பயிற்சி
1. ஹிரோஷிகே இளமையில் எத்தகைய பொறுப்பை ஏற்றார்?
2. மழைக்கோடுகளைச் செதுக்குவது கடினம். ஏன்?
3. நீங்கள் வாழும் ஊரின் மழையை வரைந்து, அதனைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.