சொந்த வீட்டில் தொடங்கியவர்

1878-ஆம் ஆண்டு சென்னையில் ஆறு இளைஞர்கள் கடன் வாங்கிய ஒரு ரூபாய் 12 அணாவில் 80 பிரதிகள் அச்சிட்டு 'தி இந்து' இதழைத் தொடங்கினார்கள். அவர்களுள் ஒருவர் திருவையாற்றில் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர். ஆங்கிலம் அறியாத மக்களும் நாட்டு நடப்பை அறிய வேண்டுமென்று 1882-இல் 'சுதேசமித்திரன்' தொடங்கினார். 1899-இல் அது நாளிதழாயிற்று.

விதவை மறுமணத்தை ஆதரித்து எழுதிவிடலாம் அன்பர்களே, எழுதுவது எளிது. இவரோ சிறுமியாயிருந்தபோதே கணவனை இழந்த தம் மகளுக்கு 1889-இல் பம்பாயில் மறுமணம் செய்துவைத்தார். சொந்தபந்தங்கள் அவரை ஒதுக்கிவைத்தன. அவர் பின்வாங்கவில்லை.

1898-இல் 'இந்து'விலிருந்து விலகினார். 1904-இல் இளைஞர் பாரதியைத் தம் பத்திரிகையில் துணையாசிரியராகச் சேர்த்துக்கொண்டார். 1908-இல் ஆங்கில அரசு அவரைக் கைதுசெய்தது. கொடிய தோல்நோய் வாட்டிய நிலையிலும் எழுத்தை விடாதவர், 1916 ஏப்ரலில் காலமானார்.