கவிஞர் கூப்பரும் காவலிருந்த குருவும்

குதிரையை அடக்க மாட்டாமல் ஊர் தாண்டிப் பறந்த ஜான் கில்பினின் கதையைப் பள்ளியில் படித்துச் சிரித்தவர் நம்முள் பலர் இருப்பர். அதைப் பாடியவர் வில்லியம் கூப்பர். அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொள்ளப் பலமுறை முயன்றவர் என்று பின்னாளில் அறிந்தபோது நான் திகைத்துப் போனேன்.

கூப்பர் 1731இல் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆறு வயதில் தாயை இழந்தார். வளர்ந்து சட்டம் பயின்றார். 1763இல் பிரபுக்கள் சபையில் ஓர் எழுத்தர் பதவி கைக்கெட்டும் நிலையில் இருந்தது. ஆனால் சபையின் முன் நின்று தேர்வு கொடுக்க வேண்டும் என்றார்கள். (தேர்வுக் காய்ச்சல் நாம் அறியாததா! ஆனால் அவரைப் பிடித்தது அதனினும் கொடிய நோய்.) நாள் நெருங்க நெருங்க அச்சம் முற்றிச் சாகத் துணிந்தார், பிழைத்தார். பிழைத்தபின், தாம் செய்தது மன்னிப்பே இல்லாத பாவம் என்னும் எண்ணம் அவரை வாட்டியது. மருந்தாக வேண்டிய சமயம் அங்கே புண்ணைக் கிளறியது. செயின்ட் ஆல்பன்ஸில் நத்தானியல் காட்டன் என்னும் அன்புள்ள மருத்துவரின் இல்லத்தில் ஒன்றரை ஆண்டு தங்கித் தேறினார்.

1767இல், தம்மைத் தாய்போல் பேணிய மேரி அன்வின் அம்மையாருடன் ஓல்னி என்னும் சிற்றூரில் குடியேறினார். அவ்வூர்ப் பாதிரியார் நியூட்டன். ஆப்பிள் மரத்து நியூட்டன் அல்லர். இவர் ஜான் நியூட்டன். அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பலின் தலைவராக இருந்து, பின்பு குருவானவர். இருவரும் சேர்ந்து தோத்திரப் பாடல்கள் இயற்றினர்.

1773 சனவரியில் நோய் மீண்டது. ஆண்டவன் தம்மைக் கைவிட்டான், தம் உயிரையே பலியாகக் கேட்கிறான் என்று நம்பினார் கூப்பர். அந்த ஏப்ரலில் நியூட்டன் வீட்டுக்குள் வந்தவர் அடுத்த மே வரை வெளியேற மறுத்துவிட்டார். பதின்மூன்று மாதம்! நியூட்டனும் அவர் மனைவியும் அன்வின் அம்மையாரும் மாறி மாறிக் காவலிருந்தனர். சொந்த ஊரை விட்டு வந்து விடுதியில் வாழும் நமக்கு இந்தப் பதின்மூன்று மாதம் மிக நெருங்கியது என்பேன். பிரசங்கத்தால் அவர் மனம் மாறவில்லை. திறந்த வீடும் விழித்திருந்த கண்களும் அவரை உயிரோடு வைத்தன.

நியூட்டனின் கடுஞ்சமயக் கொள்கையே கூப்பரைக் கெடுத்தது என்பாரும் உளர். நோய் தோன்றியபின் நான்காண்டு கழித்தே இருவரும் சந்தித்தனர். ஆதலின் நோயை அவர் தந்திருக்க முடியாது. வளர்த்தாரா என்பது வேறு கேள்வி.

1774இல் கூப்பர் மூன்று முயல்களை வளர்க்கத் தொடங்கினார். தச்சு வேலை செய்தார், தோட்டமிட்டார், பிறகு பாடினார். 1782இல் கில்பின் வந்தான். ஆனால் கோயிலுக்கு மட்டும் அவர் திரும்பவே இல்லை. நியூட்டன் அதற்காக நட்பை முறிக்கவும் இல்லை. லண்டனுக்குச் சென்றபின்னும் கடிதம் எழுதினார். 1799இல், தமது எழுபத்து மூன்றாம் வயதிலும் எழுதினார். மறு ஆண்டு ஏப்ரல் 25 அன்று, கைவிடப்பட்டோம் என்ற எண்ணம் மாறாமலே, கூப்பர் நோயுற்றுப் படுக்கையில் இயற்கையாக இறந்தார், வயது அறுபத்தெட்டு.