நொக்ஸ் கண்ட அரசன்

கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனின் தோற்றத்தை இன்று நாம் பேசக்கூடியதாய் இருப்பது பெரிதும் அவனுடைய கைதி ஒருவராலாகும். அவர் இறொபேட் நொக்ஸ்.

1641இல் இலண்டனிற் பிறந்த நொக்ஸ், தந்தையார் தலைமைதாங்கிய ‘ஆன்’ என்னுங் கப்பலிற் கீழைத்தேயம் வந்தவர். புயலிற் பாய்மரமிழந்த அக்கப்பல், செப்பனிடுவதற்காகக் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கியது. 1660இல் அரசனுடைய ஆட்கள் தந்தையையும் மைந்தரையும் மாலுமிகள் சிலரையும் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுசென்றனர். மறுவருடமே தந்தையார் காய்ச்சலால் மாண்டார். தாமும் நோயால் மெலிந்திருந்த மைந்தர் அவரை அடக்கஞ் செய்தார்.

மதிலில்லாச் சிறை அது. ஊர்களிலே தங்கவைக்கப்பட்ட நொக்ஸ் குல்லாய் பின்னி விற்றார். நெல்லை வட்டிக்குக் கொடுத்தார். ஆங்கில உடை கந்தலாகவே நாட்டுடை தரித்தார். கண்டிக்கு அணித்தான எலதெத்தவில் நிலமும் வாங்கினார். பண்டம் விற்பவராய் வடதிசை வழிகளை அறிந்துகொண்டு, 1679இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரக் காடுகளைக் கடந்து, நம்மவர் அருவியாறு என வழங்கும் மல்வத்து ஓயாவின் கரைவழியே அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்.

1681இல் இலண்டனில் வெளிவந்த அவர் நூலிலே செப்புத்தகட்டுச் சித்திரங்கள் பல உள. தாளிப்பனையோலையைக் குடையாய்ப் பிடித்தவனும் ஏருழுபவனும் அவற்றிற் காணப்படுகின்றனர். அரசனுக்கும் ஒரு தகடு உண்டு. செதுக்கியவர் கண்டியைக் கண்டவரல்லர். நொக்ஸின் சொல்லே அவருக்குக் கண். மூன்று அடுக்காய் உயர்ந்த நாற்கோணக் குல்லாய், அதன்முன் நிமிர்ந்து நிற்கும் இறகு, தோள்வாரிலே தொங்கும் வாள், கணுக்கால்வரை நீண்ட காற்சட்டை என்று நொக்ஸ் விவரித்த கோலம், எந்நாட்டு வழக்கையுஞ் சாராது அரசன் தானே வகுத்தது. பாதரட்சையும் காலுறையும் அந்நாட்டில் அவனுக்கே உரியவை. ஆதலால் உடையைக் கண்டாற் போதும், ஆளை அறியலாம்.

முகமோ வேறு காரியம். கருநிறமும், வழுக்கையும், அடர்ந்த தாடிமீசையும், ஓரிடத்தில் நில்லாது நாற்புறமும் சுழலும் பெரிய கண்களுமாக நொக்ஸ் அவனை எழுத்திற் காட்டுகிறார். சுழலுங் கண்ணைச் செப்பிலே எவ்வாறு வெட்டுவது? தகட்டிலுள்ள முகம் ஐரோப்பியப் பிரபு ஒருவருடையது போலவே எனக்குத் தோன்றுகிறது. அரசனை அறியவேண்டின் படத்தைவிட அதனருகேயுள்ள உரைநடையையே யான் நம்புவேன்.

நொக்ஸ் அவ்வகையிற் பேறுடையவர். 1695இல் அவருருவைச் செப்பிற் பொறித்த இறொபேட் வைற், ஆளை நேரிற் கண்டு செதுக்குவதிற் பெயர்பெற்றவர். மீண்டுங் கடலோடிய நொக்ஸ் மணஞ்செய்யவில்லை. தம் நூற்படியொன்றில் வெற்றுத்தாள்களை இடையிட்டுக் கட்டுவித்து, முதுமையிலும் அதிற் புதியன எழுதிச் சேர்த்தார். 1720இல் இறந்தார்.