பெற்றோருக்கும் விதி வகுத்த மரியா மாண்டிசோரி

பாசிர் ரிஸ் வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில் பிள்ளையைப் பாலர்பள்ளியில் விட்டுவிட்டு எம்ஆர்டிக்கு விரையும் பெற்றோருக்கு, வீட்டடியிலேயே பள்ளி இருப்பது சாதாரணம். 1907ல் ரோம் நகரில் அது புதுமை. அந்தப் பள்ளியை நடத்தியவர் மரியா மாண்டிசோரி.

இத்தாலியின் கியாராவாலே ஊரில் 1870 ஆகஸ்ட் 31ஆம் தேதி பிறந்தவர். பெண்கள் மருத்துவம் படிப்பது அரிதாக இருந்த காலத்தில், 1896ல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார்.

அந்நகரின் சான் லொரென்சோ, ஏழைத் தொழிலாளர் வட்டாரம். அங்கு அடுக்குமாடி வீடுகளைப் புதுப்பித்த நிறுவனத்துக்கு ஒரு தலைவலி. பெற்றோர் வேலைக்குப் போனதும் சிறுவர்கள் சுவர்களையும் மாடிப்படிகளையும் பாழாக்கினர். பழுதுபார்க்கும் பணத்தில் பள்ளியே நடத்தலாம் என்று நிறுவனம் கணக்குப் போட்டு, மாண்டிசோரியை அழைத்தது. சுமார் 50 பிள்ளைகளுடன் 1907 ஜனவரி 6ஆம் தேதி ‘குழந்தைகள் இல்லம்’ திறந்தது.

கட்டணம் இல்லை. ஆனால், பெற்றோருக்கு விதிகள் இருந்தன. பிள்ளையைக் குளிப்பாட்டிச் சுத்தமான உடையில் அனுப்ப வேண்டும். தாய் வாரம் ஒருமுறையாவது வந்து, வீட்டில் பிள்ளை எப்படி இருக்கிறது என்று ஆசிரியரிடம் பேச வேண்டும். ஆசிரியரை மதிக்காதவர்களின் பிள்ளை நீக்கப்படலாம். இன்றைய பெற்றோர் முகம் சுளிக்கக்கூடிய கண்டிப்புதான்.

ஆசிரியருக்கும் கட்டுப்பாடு உண்டு. அவர் அதே கட்டடத்தில் குடியிருக்க வேண்டும். தாய்மார் எந்நேரமும் உள்ளே வந்து பார்க்கலாம். பெற்றோர் சொல்லும் அங்கு எடுபட்டது. அவ்வளவு சிறிய வயதில் எழுத்துக் கற்பிப்பதில் மாண்டிசோரிக்கு விருப்பமில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் சிலர் விடாமல் கேட்டதால் இறங்கி வந்தார். மணல்தாள் எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய பிள்ளைகள் சில மாதங்களிலேயே எழுதத் தொடங்கினர். பின்னாளில் அந்த எழுத்துகளே அவரது முறையின் அடையாளமாயின.

ஊர்ப் பிள்ளைகளின் தாய்மாரை வாராவாரம் வரச் சொன்னவருக்கு, தம் பிள்ளையைத் தாமே வளர்க்கக் கொடுத்துவைக்கவில்லை. உடன் பணியாற்றிய மருத்துவர் கியூசெப்பே மொன்டெசானோவுக்கும் அவருக்கும் 1898ல் பிறந்தவர் மரியோ. இருவரும் மணமுடிக்கவில்லை. குழந்தை கிராமப்புறக் குடும்பம் ஒன்றிடம் வளர்ந்தது. மாண்டிசோரி அவ்வப்போது போய்ப் பார்ப்பார். தாம் யார் என்று சொல்லமாட்டார். மகனுக்கு ஏறத்தாழ 15 வயதானபோதுதான் தம்முடன் அழைத்துக்கொண்டார். அதன் பிறகும் ஊரறிய மகன் என்று சொல்லவில்லை.

சென்னை அடையாற்றில் உள்ள பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்று 1939ல் தாயும் மகனும் அங்கு வந்து, ஏறத்தாழ 300 பேருக்குப் பயிற்சி அளித்தனர். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் பிரிட்டிஷ் அரசு மரியோவை முகாமில் அடைத்தது. தாய்க்குச் சபை வளாகத்தை விட்டு வெளியேறத் தடை. அவரது 70வது பிறந்தநாளையொட்டி வைசிராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மரியோ விடுவிக்கப்படுவதாக அது தெரிவித்தது. அதுவரை வளர்ப்பு மகன் என்றே அறியப்பட்டவரை, அந்தத் தந்தி மகன் என்றே குறிப்பிட்டது.

போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருவரும் பணியாற்றினர். 1946ல் ஐரோப்பா திரும்பிய மாண்டிசோரி, 1952 மே 6ஆம் தேதி நெதர்லாந்தின் நோர்ட்வைக்கில் காலமானார். இருவரும் 1929ல் தொடங்கிய அனைத்துலக மாண்டிசோரி சங்கத்தை மரியோ தொடர்ந்து நடத்தினார்.