பழக்கம் என்னும் விலங்கு: புனித அகுஸ்தினார் வாழ்வு

திருவண்ணாமலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வல்லாள மகாராஜா கோபுரத்தின் கதை புதிதன்று. அருணகிரிநாதர் இளமையில் சிற்றின்பத்தில் மூழ்கிப் பொருளையும் உடல்நலத்தையும் இழந்தார். வாழ்வை வெறுத்து அக்கோபுரத்தின் மேலிருந்து குதித்தார். முருகப் பெருமான் அவரைத் தாங்கிக் கொண்டார் என்பது வழிவழியாக வரும் மரபு. இக்கதையில் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அவர் தம் வலிமையால் மீளவில்லை, தாங்கப்பட்டார்.

இவ்வுண்மையையே கிறித்தவ உலகில் தம் வாழ்வில் கண்டு, அதை மறைக்காமல் எழுதியும் வைத்தவர் புனித அகுஸ்தினார். தீய பழக்கத்துக்கு அடிமையாவது எவ்வாறு, அதிலிருந்து மீள்வது ஏன் அரிது என்பதை அவரைப் போல் ஆராய்ந்தவர் சிலரே.

பிறப்பும் இளமையும்

கி.பி. 354-ஆம் ஆண்டு நவம்பர் 13-ஆம் நாள், வட ஆப்பிரிக்காவில் தகாஸ்தே என்னும் சிற்றூரில் அகுஸ்தினார் பிறந்தார். இன்று அல்ஜீரியா நாட்டில் அடங்கிய அவ்வூர் அன்று உரோமைப் பேரரசின் கீழ் இருந்தது. தந்தை பத்ரீசியுஸ் பெருஞ்செல்வர் அல்லர். தாய் மோனிக்கா ஆழ்ந்த கிறித்தவப் பற்றுடையவர்.

பதினாறாம் வயதில் பணமின்றிப் படிப்பு தடைப்பட்டது. வீணே திரிந்த அந்நாளில் நண்பர்களோடு சேர்ந்து அயலார் மரத்துப் பேரிக்காய்களைத் திருடினார். பசிக்காகத் திருடவில்லை, பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக இருந்திருந்தால் தாம் அதைச் செய்திருக்க மாட்டார் என்று பின்னாளில் எண்ணிப் பார்த்தார். இன்றும் முதற் கோப்பையையும் முதற் சிகரெட்டையும் நீட்டுவது பெரும்பாலும் நண்பன் கை அல்லவா?

பிறகு கார்த்தேஜ் நகரில் சொல்லாட்சிக் கலை பயின்றார். அங்கே ஒரு பெண்ணோடு மணமின்றி வாழ்ந்து, அதேயோதாத்துஸ் என்னும் மகனுக்குத் தந்தையானார். ஆசிரியராகப் புகழ் பெற்று 383-இல் உரோமைக்கும், 384-இல் மிலான் நகருக்கும் சென்றார். ஊரார் கண்ணுக்கு வெற்றி, உள்ளத்துக்குள்ளோ அமைதியில்லை.

தாயின் கிண்ணம்

அடிமைப்பழக்கம் தீயோரை மட்டுமே பற்றும் என்று நாம் எண்ணுகிறோம். அகுஸ்தினார் தம் தாயின் கதையைச் சொல்லி இவ்வெண்ணத்தை மறுக்கிறார்.

மோனிக்கா சிறுமியாக இருந்தபோது, பெற்றோர் அவரைப் பீப்பாயிலிருந்து திராட்சை மது எடுத்துவர அனுப்புவது வழக்கம். விளையாட்டாக நுனி உதட்டால் சிறிது சுவைத்தார். நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூடி, ஏறத்தாழ முழுக் கிண்ணங்களையே ஆவலோடு குடிக்கும் நிலை வந்தது. வீட்டில் கண்டிப்பான முதிய பணிப்பெண் ஒருத்தி இருந்தும் பயனில்லை. ஒருநாள் உடன் செல்லும் வேலைக்காரச் சிறுமி சண்டையில் அவரைக் குடிகாரி என்று ஏசிவிட்டாள். அச்சொல் சுட்டது, அன்றே விட்டொழித்தார். ஏசியவள் திருத்துவதற்காக ஏசவில்லை; ஆயினும் கடவுள் அச்சினத்தையே மருந்தாக்கினார் என்பது மகனின் கருத்து.

நண்பரின் கண்கள்

அலீப்பியுஸ் என்பவர் அகுஸ்தினாரின் ஊர்க்காரர், மாணவர், உயிர்த் தோழர். உரோமையில் சட்டம் படித்தபோது, மனிதர் மனிதரை வெட்டி வீழ்த்தும் களக்காட்சிக்கு உடன்படிப்போர் அவரை வலிய இழுத்துச் சென்றனர். உடல் வந்தாலும் உள்ளம் வராது என்று சொல்லி அவர் கண்களை மூடிக்கொண்டார். திடீரெனக் கூட்டம் ஆர்ப்பரித்தது. என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று கண் திறந்தார், அவ்வளவுதான். அக்குருதிக் காட்சி அவரை மதுவைப் போல மயக்கிற்று. அன்றுமுதல் பிறரையும் அழைத்துச் செல்பவரானார். பல நாள் கழித்தே மீண்டார். தம் வலிமையில் அவர் வைத்த செருக்கே அவரை வீழ்த்தியது என்கிறார் அகுஸ்தினார்.

தாமே பூட்டிய விலங்கு

அகுஸ்தினாரின் சொந்த விலங்கு காமம். மிலானில் தாய் அவருக்கு வேறிடத்தில் மணம் பேசினார். நெடுநாள் உடன்வாழ்ந்த பெண் மகனைத் தந்தையிடம் விட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டாள். இனி வேறோர் ஆடவனை அறியேன் என நோன்பு பூண்டு அவள் போனாள். அவரோ மணநாள் வரைகூடப் பொறுக்க இயலாமல் இன்னொரு பெண்ணைத் தேடிக்கொண்டார். அவள் உறுதிக்கு முன் தம் கோழைத்தனத்தை எண்ணி நாணினார்.

அறிவு அவரை விடுவிக்கவில்லை. நேரிய வழி எதுவென நன்கறிந்த பின்பும் கால் எழவில்லை. இளமையிலேயே கடவுளிடம் தூய்மையை வேண்டியவர், அது உடனே கிடைத்துவிடுமோ என்று உள்ளுக்குள் அஞ்சியவர். கோணிய விருப்பம் ஆசையாகிறது. ஆசைக்கு இணங்க இணங்கப் பழக்கமாகிறது. தடுக்காத பழக்கம் கட்டாயமாகிறது. வளையத்தோடு வளையமாகக் கோத்த இச்சங்கிலியைப் பூட்டியவர் பிறரல்லர், தாமே என்று அவர் கண்டார்.

மிலான் தோட்டம்

386-ஆம் ஆண்டு கோடையில், எகிப்தியத் துறவி அந்தோணியாரின் வாழ்வைப் படித்து இரு அரச அலுவலர் உலகைத் துறந்த செய்தியை ஒரு நண்பர் கூறக் கேட்டார். கல்லாதார் முந்திக்கொள்ளக் கற்ற நாம் கிடக்கிறோமே என்று கலங்கித் தோட்டத்துக்கு ஓடினார். அலீப்பியுஸ் பின்தொடர்ந்தார். அத்தி மரத்தடியில் விழுந்து கதறியபோது, பக்கத்து வீட்டிலிருந்து, எடுத்துப் படி என்று ஒரு குழந்தைக் குரல் பாட்டாக ஒலித்தது. புனித பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலை எடுத்தார். களியாட்டத்தையும் குடிவெறியையும் காமத்தையும் விட்டுக் கிறிஸ்துவை அணிந்துகொள்ளச் சொல்லும் பகுதி கண்ணில் பட்டது. உள்ளத்தில் அமைதி நிறைந்தது.

387-இல் உயிர்ப்புப் பெருவிழாவில் ஆயர் அம்புரோசியார் அவருக்கும் மகனுக்கும் அலீப்பியுசுக்கும் திருமுழுக்கு அளித்தார். அவ்வாண்டே மோனிக்கா மறைந்தார். பின்னர் ஆப்பிரிக்கா திரும்பிய அகுஸ்தினார் ஹிப்போ நகரின் ஆயராகி, அந்நகரை வண்டாலியர் முற்றுகையிட்டிருந்த வேளையில், 430 ஆகஸ்டு 28-இல் உயிர்நீத்தார்.

மீண்ட பின்பும்

ஆயரான பிறகு எழுதிய தன்வரலாற்று நூலில், பழைய நினைவுகள் கனவில் இன்றும் வருவதை அவர் ஒளிக்காமல் சொல்கிறார். உணவில் தேவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் தடுமாறுவதையும் ஒப்புக்கொள்கிறார். நாள்தோறும் அருள் வேண்டும் என்பதே அவர் கண்ட முடிவு. 1935-இல் அமெரிக்காவில் இரு குடிநோயாளிகள் தொடங்கிய மது மீட்பு இயக்கமும், தன் வலிமை போதாது என்று ஒப்புக்கொள்வதையே முதற்படியாகக் கொண்டது.

கார்த்திகைத் தீபத்தன்று மலையை நோக்கிக் கைகூப்பி, இனிக் குடிப்பதில்லை என்று ஆணையிடுபவர் நம் தெருவிலும் உண்டு. தை பிறக்குமுன் அவர் மீண்டும் தள்ளாடி வருகையில் நாம் சிரிக்கிறோம். அவர் மனைவி சிரிப்பதில்லை. அவர் ஆணை பொய்யன்று. விருப்பமும் மெய், விலங்கும் மெய். அவருக்கு மருத்துவம் வேண்டும், தோழமை வேண்டும், தாங்கும் கை வேண்டும்.

அன்று தோட்டத்தில் அகுஸ்தினார் காட்டிய பக்கத்தை வாங்கி, அலீப்பியுஸ் அடுத்த வரியைப் படித்தார். நம்பிக்கையில் வலுவற்றவனை ஏற்றுக்கொள்ளச் சொல்லியது அவ்வரி. அதைத் தமக்கே உரியதாக அவர் எடுத்துக்கொண்டார். ஒருமுறை வீழ்ந்து எழுந்த அவருக்கு அதன் பொருள் விளங்கிற்று. வீழாத நமக்கும் அது விளங்குமாயின், நம் தெருவில் ஒரு வீட்டிலாவது விளக்கெரியும்.